மூவா ஊற்றும் முன்னோர் கோட்டமும்

ஓர் இனத்தின் பெருமையை அதன் படைபலத்தைக் கொண்டும் பொருள்வளத்தைக் கொண்டும் அளப்பவர் பலர். அவ்வினம் மறைந்துபோன தன் முன்னோரை எவ்வாறு போற்றிற்று என்பதைக் கொண்டு அளப்பவர் சிலரே. எனினும், பின்னையதே பொய்யாத அளவுகோல் என்பது நம் கருத்து. படை அழியும், பொருள் கைமாறும், நினைவு ஒன்றே தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்பட்டு வருவது.

இவ்வளவுகோலைக் கையிலெடுத்து உலக வரலாற்றை நோக்குவோமாயின் முன்வரிசையில் நிற்கும் நாடுகளுள் சீனம் ஒன்று. நாம் பள்ளியிற் பயின்ற சரித்திர நூல்கள் கிரேக்கத்துக்கும் உரோமாபுரிக்கும் அதிகாரம் அதிகாரமாக இடமளித்தன. சீனத்துக்கு அளித்தவையோ பெருஞ்சுவரும் பட்டும் அடங்கிய சில பக்கங்களே. அக்குறையைச் சிறிதேனும் போக்கும் ஆவலால், ஜின்சி என்னும் முன்னோர் கோட்டத்தின் வரலாற்றை இம்மலரில் ஆராய முற்படுகின்றோம். கட்டடங்களின் பட்டியலைத் தருவது நம் நோக்கமன்று. முன்னோர் செல்வத்தைக் காத்தல் என்கின்றோமே, எதனைக் காத்தால் அது காத்ததாகும்? இவ்வினாவுக்கு ஜின்சியின் நெடுங்கதை ஒரு விடையைத் தருகின்றது. அதனை வாசகர் முன் வைப்பதே நம் நோக்கம்.

அமைவிடம்

சீனத்தின் வடபாலுள்ள ஷான்சி மாகாணத்தின் தலைநகர் தையுவான். அந்நகருக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 25 கிலோமீற்றர் தொலைவில் சுவான்வெங் என்னும் மலை உண்டு. 'தொங்கும் குடம்' என்பது அப்பெயரின் பொருள். அம்மலையின் அடிவாரத்தில் ஊற்றுகள் சில சுரந்து, ஜின் ஆறு எனப் பெயர்பெற்று, கிழக்கு நோக்கிச் சென்று ஃபென் ஆற்றிற் கலக்கும். ஊற்றுகள் பிறக்கும் இடத்திலேயே கோட்டம் அமைந்துள்ளது. 'ஜின்' என்பது ஆற்றுக்கும் பண்டைய நாட்டுக்கும் உரிய பெயர். 'சி' என்பது முன்னோர்க்கும் சான்றோர்க்கும் எடுக்கப்படும் நினைவுக்கோட்டம்.

பண்டைச் சீனரின் முன்னோர் வழிபாடு சமயச் சடங்கு மட்டுமன்று. அதுவே அரசியலும் குடும்ப ஒழுங்குமாகும். முன்னோர் பெயர் பொறித்த மரப்பலகையை நிறுவி, உணவும் மதுவும் படைத்து, போர்க்குச் செல்லுமுன்னும் திருமணம் நிகழுமுன்னும் அவர்க்கு அறிவித்தல் மரபு. நாட்டை நிறுவியவனின் கோட்டம் இருக்குமிடமே நாட்டின் உயிர்நிலை. ஜின்சியும் அத்தகைய ஒருவன் பெயரால் எழுந்ததே.

இலையும் வாக்கும்

கி. மு. 11ஆம் நூற்றாண்டில் ஷாங் வமிசத்தை வென்று சௌ வமிசத்தின் ஆட்சியை நிலைநாட்டியவன் வூ மன்னன். அவன் இறந்தபின் அரசுகட்டில் ஏறிய செங் மன்னன் அகவையில் இளையவன். அவனுடைய தம்பி யூ. இவ்விருவரையும் பற்றிய கதையொன்றைச் சீன வரலாற்றின் தந்தை எனப் போற்றப்படும் சீமா சியென் தம் 'வரலாற்றுக் குறிப்புகள்' என்னும் பெருநூலில் எழுதிவைத்துள்ளார்.

ஒருநாள் அண்ணனும் தம்பியும் விளையாடிக்கொண்டிருந்தனர். செங் மன்னன் தோங் மரத்து இலையொன்றை எடுத்து, சிற்றரசர்க்குப் பேரரசன் வழங்கும் பச்சைமணிக்கற் பட்டயத்தின் வடிவாக வெட்டி, இதனால் உனக்கு நாடளித்தேன் என்று தம்பியின் கையிற் கொடுத்தான். அருகே நின்ற யி என்னும் அவைக்குறிப்பாளர், பட்டஞ்சூட்ட நன்னாள் குறிக்குமாறு உடனே வேண்டினார். விளையாட்டாகவன்றோ சொன்னேன் என்றான் மன்னன். பேரரசன் வாயில் விளையாட்டு வார்த்தை பிறத்தல் ஆகாது என்பது குறிப்பாளர் விடை. சொன்ன சொல் ஏட்டில் ஏறிவிடும். ஏட்டில் ஏறியதைச் செய்து முடித்தே ஆகவேண்டும். மன்னன் இணங்கினான். தாங் என்னும் நாடு தம்பிக்கு அளிக்கப்பட்டது. அதனால் அவன் தாங் ஷூ யூ எனப் பெயர்பெற்றான். அவன் மைந்தன் காலத்தில் நாட்டின் பெயர் ஜின் என மாறிற்று. இன்றும் ஷான்சி மாகாணத்தைச் சுருக்கமாகக் குறிக்கச் சீனர் வழங்கும் எழுத்து 'ஜின்' என்பதே. ஓர் இலையிற் பிறந்த பெயர் மூவாயிரம் ஆண்டுகளாக நிலைத்திருப்பதை எண்ணுங்கால் வியப்பு மேலிடுகின்றது.

வாக்குத் தவறாமையைப் போற்றும் இக்கதையைச் சீனர் அனைவரும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டனர் என எண்ணுதல் தவறு. தாங் வமிச காலத்துப் பேரறிஞர் லியூ சொங்யுவான் (773-819) இக்கதையை மறுத்து ஒரு கட்டுரை வரைந்தார். தம்பி நாடாளத் தகுதியுடையவனாயின், விளையாட்டு நேரும்வரை காத்திராது முன்னரே அளித்திருக்க வேண்டும். தகுதியற்றவனாயின், விளையாட்டுச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அறியாச் சிறுவன் கையில் மக்களை ஒப்படைத்தது அறமாகாது. இலையை ஓர் ஏவலாளனிடம் நீட்டியிருந்தால் அவனையும் அரசனாக்கியிருப்பரோ என்று அவர் வினவுகின்றார். சொல்லைக் காப்பாற்றுவதினும் சொல் சரியானதா என ஆராய்வதே பெரிது என்பது அவர் துணிபு. முன்னோரைப் போற்றிய அதே நாட்டில் முன்னோர் கதையை உரைத்துப் பார்க்கும் துணிவும் இருந்தது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை நம் இளைஞர் மனத்திற் கொள்வாராக.

மண் சொல்லும் சான்று

ஆராய்ச்சி என்றதும் மற்றொரு வினா எழுகின்றது. தாங் ஷூ யூ ஆண்ட நாடு உண்மையில் ஜின்சி இருக்கும் இடத்தில்தான் இருந்ததா? ஆம் என்பதே நெடுங்கால மரபு. 17ஆம் நூற்றாண்டில் கூ யான்வூ என்னும் அறிஞர் இதனை ஐயுற்றார். பழைய நூல்கள் குறிக்கும் இடம் தெற்கே உள்ளது என்பது அவர் வாதம். முந்நூறு ஆண்டுகளின்பின் மண்ணே அவருக்குச் சான்று கூறிற்று. ஷான்சியின் தென்பகுதியில் தியென்மா, சூசுன் என்னும் ஊர்களை அடுத்த நிலத்தில், 1992 முதல் நடைபெற்ற அகழ்வுகளில் ஜின் நாட்டு மன்னர்களும் அவர்தம் மனைவியரும் அடக்கஞ்செய்யப்பட்ட 9 தொகுதிகளில் 19 கல்லறைகள் வெளிப்பட்டன. வெண்கலக் கலங்களும் அவற்றிற் பொறித்த எழுத்துகளும் ஐயத்துக்கு இடமின்றி அவர்களை இனங்காட்டின. அவ்விடம் தையுவானுக்கு மிகத் தெற்கே உள்ளது.

அவ்வாறாயின் ஜின்சி பொய்க்கோட்டமா? அன்று. ஜின் நாடு வளர்ந்து வடக்கே விரிந்தபோது, குடியேறிய மக்கள் தம் முதல்வனின் நினைவையும் உடன் கொண்டுசென்றனர் எனக் கொள்ளுதலே பொருத்தம். முன்னோர் காலடி பட்ட இடத்தில் மட்டும் அவர் நினைவு வாழும் என்பதில்லை. பிள்ளைகள் எங்கு வாழ்கின்றனரோ அங்கும் வாழும்.

படையான நீர், பயிரான நீர்

ஜின்சியின் கதையை அரசர் பெயரைக் கொண்டு மட்டும் எழுதுதல் இயலாது. நீரைக் கொண்டே எழுதவேண்டும். கி. மு. 5ஆம் நூற்றாண்டில் ஜின் நாட்டின் அதிகாரம் பெருங்குடிகள் சிலவற்றின் கைக்குச் சென்றது. அவருள் வலியவனான ஜி போ என்பான், ஹான், வெய் என்னும் இரு குடிகளையும் துணைக்கொண்டு, சாவ் குடியினர் தங்கியிருந்த ஜின்யாங் நகரை முற்றுகையிட்டான். மதில் எளிதில் விழவில்லை. ஆகவே ஜின் ஆற்று நீரைக் கால்வாய் வெட்டித் திருப்பி நகருள் பாய்ச்சினான். மதிலின் மேல்விளிம்பு மட்டுமே நீருக்கு வெளியே தெரிந்ததாகவும், மக்கள் அடுக்களைப் பானையை உயரத் தொங்கவிட்டுச் சமைத்ததாகவும் பழைய நூல்கள் கூறுகின்றன.

நகருள் இருந்தோர் இரவில் தூது அனுப்பினர். சாவ் இன்று வீழ்ந்தால் நாளை வீழ்வது நீங்களே என்பதை ஹானும் வெய்யும் உணர்ந்தனர். கி. மு. 453இல் ஒரிரவு அணை உடைக்கப்பட்டது. அதே நீர் ஜி போவின் பாசறைமேற் பாய்ந்தது. அவன் அழிந்தான். ஜின் நாடு மூன்றாகப் பிரிந்தது. கி. மு. 403இல் சௌ மன்னன் அம்மூன்றையும் தனி அரசுகளாக ஏற்றுக்கொண்டான்.

நாடு மறைந்தது, கால்வாய் மறையவில்லை. பகைவரை அழிக்க வெட்டிய அக்கால்வாயைப் பின்வந்தோர் வயலுக்கு நீர்பாய்ச்சப் பயன்படுத்தினர். வெட்டியவன் பெயரே அதற்கு நிலைத்தது. கி. பி. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லி தாவ்யுவான் என்பார் சீனத்து ஆறுகளையெல்லாம் விரித்துரைத்த தம் நூலில், இக்கால்வாயையும், அதன் தலைப்பிலே தாங் ஷூ யூவின் கோட்டம் நிற்பதையும், நீரின்மேற் பாலம் ஒன்று அமைந்திருப்பதையும் குறித்துள்ளார். ஆதலின், கோட்டம் எழுந்த ஆண்டை வரையறுக்க இயலாவிடினும், அதன் வயது ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாது எனத் துணியலாம்.

பேரரசன் எழுதிய கல்

617இல் லி யுவான் என்னும் படைத்தலைவர் இப்பகுதியிலிருந்தே கிளர்ந்தெழுந்து, மறு ஆண்டில் தாங் வமிசத்தை நிறுவினார். புறப்படுமுன் ஜின்சியில் வேண்டுதல் செய்தார் என்பது வரலாறு. அவர் மகன் தைசோங் சீனத்தின் தலைசிறந்த பேரரசருள் ஒருவர். 645இல் கொரியத் தீபகற்பத்தின்மீது அவர் நடத்திய படையெடுப்பு நினைத்த பயனைத் தரவில்லை. திரும்பும் வழியில் 646இல் அவர் ஜின்சிக்கு வந்து, ஆயிரத்திருநூறு எழுத்துகளுக்கு மேற்பட்ட புகழுரை ஒன்றைத் தாமே இயற்றித் தம் கையாலேயே எழுதிக் கல்லில் வெட்டுவித்தார். விரைந்தோடும் எழுத்துமுறையில் அமைந்த கல்வெட்டுகளுள் எஞ்சியிருப்பவற்றில் அதுவே மிகப் பழையது என்பர் எழுத்துக்கலை வல்லார்.

தாங் ஷூ யூவின் நல்லாட்சியையும் மலையின் உறுதியையும் ஊற்றின் தூய்மையையும் அக்கல் புகழ்கின்றது. போரில் நினைத்தது கைகூடாத பேரரசன், ஓர் இலையினால் நாடு பெற்ற பழைய சிற்றரசன் முன் நின்று ஆட்சியின் அறத்தைப் பற்றிச் சிந்திக்கின்றான். முன்னோர் கோட்டத்தின் பயன் யாது என வினவுவார்க்கு இக்காட்சி ஒன்றே போதிய விடை.

பின்வந்த சோங் வமிசத்தின் இரண்டாம் பேரரசர்க்கும் தைசோங் என்பதே பெயர். அவர் 979இல் ஜின்யாங் நகரைக் கைப்பற்றினார். நெடுங்காலம் எதிர்த்து நின்ற நகரின்மேல் அவர் கொண்ட சினம் பெரிது. நகரை எரித்தார், அடுத்த ஆண்டில் ஃபென், ஜின் ஆறுகளின் நீரைத் திருப்பி அதன் இடிபாடுகளையும் மூழ்கடித்தார். பண்டு ஜி போ தொடங்கியதை இவர் முடித்தார் எனலாம். ஆயினும் அதே பேரரசர் ஜின்சியை இடிக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் அதனைச் செப்பனிட்டார். நகரை அழித்த கையும் கோட்டத்தைத் தொடத் தயங்கிற்று.

மகனின் கோட்டத்தில் அன்னை

இன்று ஜின்சிக்குச் செல்வோர் தலைவாயிலிலிருந்து நடுவழியே நேரே சென்றால், அவ்வழியின் முடிவில் தாங் ஷூ யூவைக் காணார். ஒரு பெண்ணையே காண்பர். அவளே 'புனித அன்னை'. 1023க்கும் 1032க்கும் இடையில் சோங் அரசினர் அவளுக்கென எழுப்பிய மாளிகை, 1102இல் திருத்தம் பெற்று, இன்றும் மரத்தூண்களின்மேல் நிற்கின்றது. நாட்டின் முதல்வனுக்குரிய சிறுகோட்டமோ வடபுறத்தில் ஒதுங்கி நிற்கின்றது.

யார் இவ்வன்னை? அவள் தாங் ஷூ யூவின் தாயும் வூ மன்னனின் தேவியுமான யி ஜியாங் என 17ஆம் நூற்றாண்டு அறிஞர் யான் ருவோசூ நிறுவ முயன்றார். தையுவான் அவர் முன்னோரின் ஊர். அவர் கருத்தே இன்று பெரிதும் வழங்குகின்றது. அவள் முதலில் ஊற்றின் தெய்வமே; மழைவேண்டி மக்கள் வணங்கிய அத்தெய்வத்தைப் பிற்காலத்தார் மன்னனின் தாயாக்கினர் என்பர் வேறு சிலர். மழை வேண்டுதல் பலித்தமைக்காக 11ஆம் நூற்றாண்டில் சோங் அரசு அவளுக்குப் பட்டமளித்தமை இரண்டாவது கருத்துக்கு வலுவூட்டும். எது உண்மையாயினும் ஒன்று தெளிவு. அரசர்க்கு வேண்டியது முதல்வனின் பெயர். உழவர்க்கு வேண்டியது நீர். காலம் செல்லச் செல்ல உழவரின் தேவையே கோட்டத்தின் நடுவிடத்தைப் பெற்றது. மகனும் அன்னையும் ஒரே வளாகத்தில் இருப்பதால், மகன் அன்னைக்கு இடம்விட்டு விலகியது குறைவாகவும் தோன்றவில்லை.

அன்னையின் மாளிகை கட்டடக்கலையின் அரும்பொருள். இரட்டைக் கூரை, உயரம் ஏறக்குறைய 19 மீற்றர். முன்வரிசைத் தூண்கள் எட்டிலும் மரத்திற் செதுக்கிய நாகப்பிறவிகள் சுற்றிக்கொண்டு நிற்கின்றன. 1087இல் அமைத்த இவை, சீனத்தில் எஞ்சியுள்ள இவ்வகை வேலைப்பாடுகளுள் மிகப் பழையன. உள்ளே ஒரு தூணும் இல்லை. பாரம் முழுவதையும் வெளித்தூண்களும் உத்தரங்களும் தாங்குமாறு தச்சர் அமைத்துள்ளனர்.

மாளிகைக்கு முன் மீன்குளம். குளத்தின்மேல் பறக்கும் பாலம். நான்கு திசையிலும் கைநீட்டிச் சிலுவை வடிவில் அமைந்த இப்பாலம் 34 கற்றூண்களின்மேல் நிற்கின்றது. கிழக்கு மேற்காகச் செல்லும் பகுதி சமமாக உயர்ந்தும், தெற்கும் வடக்கும் கீழ்நோக்கிச் சரிந்தும் இருப்பதால், சிறகு விரித்த பறவை போன்ற தோற்றம் உண்டாகின்றது. அதற்கு முன்னே 1168இல் கட்டிய படையல் மண்டபம். அதற்கும் முன்னே ஒரு மேடையின் நான்கு மூலைகளில் இரும்பினால் வார்த்த நான்கு வீரர். அவருள் தென்மேற்கு மூலையில் நிற்பவன் 1097இல் வார்க்கப்பட்டவன். ஊற்றைக் காக்க நிறுத்தப்பட்ட காவலர் இவர் என்பர்.

பெயரறியாப் பெண்கள்

மாளிகையின் உள்ளே 43 மண் உருவங்கள் உள்ளன. நடுவே அன்னை, சூழவும் அவள் ஏவலர். அரண்மனை ஏவலாளர் ஐவர்; ஆடவர் உடையணிந்த பெண் அலுவலர் நால்வர்; பணிப்பெண்கள் 33 பேர். சிறிய இரண்டைத் தவிர ஏனையவெல்லாம் சோங் காலத்தன என்பர். ஏறக்குறைய ஆள் உயரத்தில், வண்ணம் தீட்டப்பட்டு நிற்கும் அவர்களைக் கண்டார் வியவாதிருத்தல் அரிது.

கோயிற் சிற்பங்களில் நாம் வழக்கமாகக் காண்பவை தெய்வங்களும் அடியவரும் அரசருமே. இங்கோ வேலைசெய்யும் பெண்கள். ஒருத்தி முத்திரை தாங்குகின்றாள், ஒருத்தி துணியேந்துகின்றாள், ஒருத்தி உணவு பரிமாறக் காத்திருக்கின்றாள். சிறுமி ஒருத்தியின் முகத்தில் குறும்பு. முதியவள் முகத்தில் களைப்பு. அரண்மனையிலேயே இளமையைக் கழித்தவள் கண்ணில் சொல்லாத ஏக்கம். ஆடற்பெண் ஒருத்தியின் முகத்தை ஒருபுறம் நின்று பார்த்தால் சிரிப்பது போலும், மறுபுறம் நின்று பார்த்தால் அழுவது போலும் தோன்றும். அவையிற் சிரிக்கக் கடமைப்பட்டவள் தனிமையில் என் செய்தாள் என்பதைச் சிற்பி ஒரே முகத்தில் உரைத்துவிட்டான்.

அச்சிற்பிகள் யாரென நாம் அறியோம். அப்பெண்கள் யாரெனவும் அறியோம். முன்னோர் எனும்போது நம் நினைவுக்கு வருபவர் பெயர்பெற்றவரே. பெயரின்றிப் பணிசெய்து மறைந்தோரும் முன்னோரே என்பதை இம்மாளிகை ஓசையின்றி உணர்த்துகின்றது.

பங்கிட்ட நீர்

கோட்டத்தின் மூன்று ஊற்றுகளுள் பெரியது நான்லாவ். 'முதுமை அடையாதது' என்பது அதன் பொருள். அப்பெயர் சீனத்துப் பழம்பாடல் தொகையில் வரும் ஒரு சொல்லிலிருந்து எடுக்கப்பட்டது. தமிழில் 'மூவா ஊற்று' எனலாம். வெப்பம் ஆண்டு முழுவதும் 17 பாகை அளவில் மாறாதிருக்க, கோடையிலும் மாரியிலும் ஒரே சீராக அது பாய்ந்தது. லி பாய், ஓயாங் சியூ முதலாய பெரும் புலவர் இந்நீரைப் பாடினர்.

நீர் உள்ள இடத்தில் வழக்கும் உண்டு. 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வூர் அதிகாரி ஒருவர் வாய்க்கால்களைத் திருத்தி, வடக்கு வாய்க்காலுக்கு ஏழு பங்கு, தெற்கு வாய்க்காலுக்கு மூன்று பங்கு என நீரைப் பிரித்தார். பத்துத் துளைகளுள்ள கல்லணையும் நீரைப் பிரிக்கும் கற்சுவரும் அதற்கெனவே அமைந்தன. மக்கள் வாய்க்கதையோ வேறுவிதமானது. இருதிறத்தாரும் பல்லாண்டு சண்டையிட்ட பின், கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையில் பத்துக் காசுகளைப் போட்டனர். எத்தனை காசை எடுக்கின்றாரோ அத்தனை பங்கு நீர் என்பது உடன்பாடு. வடதிறத்து ஜாங் என்னும் இளைஞன் முன்வந்து ஏழு காசை எடுத்து உயிர்விட்டான். நீரின் நடுவே நிற்கும் சிறு தூபி அவன் அடக்கம் என்பர். இது கதையே. ஆயினும், பங்கீடு ஒன்று நெடுநாள் நிலைக்க வேண்டுமாயின் அதற்கு ஒருவன் தன்னைக் கொடுத்தான் என்ற நினைவும் வேண்டும் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர்.

ஊற்றின்மேல் 1563இல் எழுந்த மாடம் ஒன்றில் 'நீரன்னை' வீற்றிருக்கின்றாள். அவளும் கதையில் ஒரு மருமகளே. மாமியின் கொடுமையால் நாள்தோறும் தொலைவிலிருந்து நீர் சுமந்த அப்பெண், வழிப்போக்கன் ஒருவனின் குதிரைக்குத் தன் குடத்து நீரைக் கொடுத்தாள். அவன் தந்த சாட்டையைச் சாடியில் வைத்துச் சிறிது உயர்த்தினால் நீர் நிறையும். ஒருநாள் பிறர் அறியாமல் அதனை முற்றாக உருவிவிட, வெள்ளம் பெருகிற்று. தலைவாரிக்கொண்டிருந்தவள் ஓடிவந்து சாடியின்மேல் அமர்ந்து ஊரைக் காத்தாள். இன்றும் அவள் உருவம் சாடியின்மேல் அமர்ந்தபடியே உள்ளது.

காத்தவரும் கண்டவரும்

ஜின்சியை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த லியூ தாபெங் (1857-1942) அரசுத் தேர்வில் தேறியும் பெரும்பதவி பெறாத ஓர் ஆசிரியர். அவர் கோட்டத்தின் கட்டடங்கள், கல்வெட்டுகள், விழாக்கள், வாய்க்கால் விதிகள் அனைத்தையும் தொகுத்து ஒரு பெருநூல் எழுதினார். பழைய ஆட்சி வீழ்ந்தபின், வாழ்க்கைச் செலவுக்காக அவர் நிலக்கரிச் சுரங்கங்களையும் நடத்த நேர்ந்தது. ஊற்றைப் போற்றியவரின் பிழைப்பும் அம்மலையின் நிலக்கரியோடு பிணைந்திருந்தது என்பதை வாசகர் நினைவில் வைத்திருப்பாராக.

1934இல் லியாங் ஸிசெங், லின் ஹுய்யின் என்னும் கட்டடக்கலை அறிஞர் தம்பதியர் இவ்வழியாகப் பேருந்திற் சென்றனர். பேர்பெற்ற இடங்களெல்லாம் புதுக்கப்பட்டுப் பழமை கெட்டிருக்கும் என்பது அவர் அனுபவம். ஆகவே ஜின்சியில் இறங்கும் எண்ணமே அவர்க்கில்லை. பேருந்து வளைந்து திரும்பியபோது அன்னை மாளிகையின் பெருங்கூரை சன்னலினூடே தெரிந்தது. திரும்பும் வழியில் இறங்கி ஆராய்ந்தனர். சோங் காலத்து மரவேலை குலையாது நிற்பது அவர் எழுத்தால் கட்டடக்கலை உலகுக்குத் தெரியவந்தது. 1961இல் சீன அரசு நாட்டின் தலையாய பாதுகாப்புச் சின்னங்களின் முதற்பட்டியலை வெளியிட்டபோது ஜின்சியும் அதில் இடம்பெற்றது.

ஊற்று வற்றிய நாள்

மாளிகை காக்கப்பட்டது, கல்வெட்டு காக்கப்பட்டது, மண் உருவங்கள் காக்கப்பட்டன. ஊற்றைக் காப்பதற்கோ ஒருவரும் எண்ணவில்லை. அது மூவாததன்றோ!

இவ்வூற்றின் நீர் மேற்கேயுள்ள மலைகளிற் பெய்யும் மழை. அம்மழை சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளுள் இறங்கி, நிலத்தடியே நெடுந்தூரம் நடந்து, மலையடிவாரத்தில் வெளிப்படுகின்றது. அப்பாறைக்கு மேலேதான் நிலக்கரி படிந்துள்ளது. தையுவான் தொழில்நகராக வளர்ந்தபோது சுரங்கங்கள் பெருகின. சுரங்கத்துள் வந்த நீரை இறைத்து வெளியே கொட்டினர். ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் வயல்களுக்கும் ஆழமான குழாய்க்கிணறுகள் தோண்டினர். 1950களில் விநாடிக்கு ஏறக்குறைய 2 கன மீற்றராக இருந்த பாய்ச்சல் ஆண்டுதோறும் குறைந்தது. மற்றை இரண்டு ஊற்றுகள் முன்னரே வற்றின. 1994இல் மூவா ஊற்றும் நின்றது.

அவ்வாண்டில் அன்னை மாளிகையில் நடைபெற்றது யாது? 1993 முதல் 1996 வரை அம்மாளிகையைப் பெருஞ்செலவில் செப்பனிடும் வேலை நடைபெற்றது! மேலே கூரையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த நாளில் கீழே ஊற்று இறந்தது. வந்துபோவோர் காண்பதற்காகப் பின்னர் நீரைக் குழாய்வழியே சுழற்றி விட்டனர். நீர் இருந்தது, ஊற்று இல்லை. நீரன்னை வறண்ட சாடியின்மேல் வீற்றிருந்தாள்.

ஆயின் கதை அவ்வளவில் முடியவில்லை. 2003 முதல் மஞ்சளாற்று நீர் தையுவானுக்குக் கொண்டுவரப்பட்டது. குழாய்க்கிணறுகள் பலவற்றை மூடினர். ஊற்றுக்கு நீர் வரும் பகுதியிலுள்ள சுரங்கங்களைக் கட்டுப்படுத்தினர். ஆற்றுப்படுகைவழி நீரைப் பாறையுள் இறங்கச் செய்தனர். நிலத்தடி நீர் சிறிது சிறிதாக உயர்ந்தது. 29 ஆண்டுகள் கழித்து, 2023இல் மூவா ஊற்று மீண்டும் தானே சுரந்தது. ஒரு தலைமுறை இழந்ததை அடுத்த தலைமுறை மீட்டது. பழைய அளவுக்கு அது இன்னும் பாயவில்லை, ஆனால் பாய்கின்றது.

முடிவாக

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். முன்னோர் செல்வத்தைக் காத்தல் என்பது அவர் கட்டியதைக் காத்தல் மட்டுமன்று. எதனை நம்பிக் கட்டினரோ அதனைக் காத்தல். ஜின்சியைக் கட்டியோர் ஊற்றை நம்பிக் கட்டினர். ஊற்றின்றி நின்ற முப்பதாண்டுகளில் அது அழகிய கட்டடத் தொகுதியாக இருந்தது. கோட்டமாக இருந்ததோ என்பது ஐயமே. காவலுக்கு இரும்பு வீரர் நால்வரை நிறுத்தியும் ஊற்றைக் காக்க முடியவில்லை. கிணற்றை மூட இசைந்த மக்களே அதனைக் காத்தனர். சொன்ன சொல்லை மன்னன் காத்தான் என்பது பழைய கதை. எடுத்த நீரைத் திருப்பிக் கொடுத்தது புதிய கதை. இரண்டும் ஒரே அறத்தின் இரு முகங்கள்.

அன்னை மாளிகையின் அருகே தொன்மையான சைப்பிரசு மரம் ஒன்று நிற்கின்றது. சௌ காலத்தில் நட்டது என்று மரபு கூறும். முதுமையால் அது தெற்கு நோக்கி வெகுவாகச் சாய்ந்துவிட்டது. ஆயினும் விழவில்லை. காரணம், அதன் அருகே முளைத்து வளர்ந்த வயதிற் குறைந்த மற்றொரு சைப்பிரசு அதனைத் தன்மேல் தாங்கி நிற்கின்றது. முதிய மரம் நிழலைத் தந்தது. இளைய மரம் தோளைத் தந்தது. பெரியோரும் இளைஞரும் ஒருங்கே படிக்கும் இம்மலரில் இதற்குமேல் நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.